மீட்கப்பட்ட மஞ்சள் வண்டி

மஞ்சள் நிறக் காரில் தூசி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூசி தெரியும், சேறு தெரியும், பறவை எச்சம் மற்ற எல்லா நிறத்தையும்விட நன்றாகவே தெரியும். தினமும் காலையில் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். நான் துடைத்தேன். அந்த வேலை எனக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நிதானமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அதற்கு நன்றி. உங்களுக்கு முன்னால் வந்த இரண்டு அதிகாரிகளும் பாதியில் பாதியில் குறுக்கிட்டார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். முதலில் சீட்டைச் சரிசெய், அப்புறம் கண்ணாடி, அப்புறம் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பார், அதற்கும் அப்புறம்தான் சாவி. பாலத்தின் மேல் ஓர் உயிர் போயிருக்கிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டீர்கள். அதையும் அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருஷத்துக்கும் மேலாக இதே தொழில். பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கம் ஸ்டியரிங் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் ஓட்டினார்கள், நான் நிறுத்தினேன். வண்டியின் கூரையில் போர்டு இருக்கும், பின்னால் வருகிறவன் அதைப் பார்த்த பிறகும் ஹாரன் அடிப்பான். தாண்டிப் போகும்போது ஓட்டுகிறவரைத் திட்ட மாட்டான், குனிந்து என்னைத்தான் திட்டுவான். நான் பதில் சொன்னதில்லை. என் மாணவர்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள், மாஸ்டர் ஒருநாளாவது குரலை உயர்த்தினாரா என்று. கோபத்தை விழுங்கிவிட்டால் அது செரித்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது செரிக்கிற சாமான் இல்லை.

என் பாடத்தில் முதல் விதி ஒன்று உண்டு. நான் ஒன்றைச் சொன்னால் யோசிக்கக் கூடாது. செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம். பிரேக் என்று சொன்னால் காதில் விழுந்த உடனே கால் போக வேண்டும், நடுவில் மூளை வரக் கூடாது. டாக்டர் வந்தாலும் சரி, வக்கீல் வந்தாலும் சரி, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்துக் கைக்கும் காலுக்கும் ஏற்றிவிடுவேன். என்னிடம் படித்தவர்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் இன்றும் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். பெருமைக்காக இதை எழுதவில்லை. பின்னால் தேவைப்படும்.

சகலையும் என்னிடம் படித்தவன்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பாத்ரூம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக்குள் நுழைந்தவர்கள் ஒரு டைல்ஸ் வாங்க வந்து ஒரு வீட்டுக்கே வாங்கிக்கொண்டு போவார்கள், அப்படி ஒரு வாய். மாமனார் வீட்டில் அவன் வந்தால் வீடே கலகலப்பாகிவிடும் என்று பேச்சு. நான் வந்தால் யாராவது எழுந்து நாற்காலி போடுவார்கள், பிறகு எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். சொந்தம் என்பதால் இலவசம். ஒரு கையை எப்போதும் கியரிலேயே வைத்திருப்பான், கண் ரோட்டைவிட்டு அலையும், வாய் ஓயாது. மோசமான மாணவன். ஆனாலும் காருக்குள் நான் சொன்னதை மட்டும் அவன் தட்டியதில்லை. காரைவிட்டு இறங்கினால்தான் அவனுடைய வேலை ஆரம்பிக்கும். என்னை ‘பிரேக் மாஸ்டர்’ என்று கூப்பிடுவான். ஒருநாள் எல்லோரும் கூடியிருந்தபோது, “அண்ணன் கட்டிலுக்கும் ஒரு பிரேக் வெச்சிருக்காருபோல, அதான் வீட்டுல இன்னும் புள்ளைச் சத்தம் கேக்கல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்று என் மனைவி சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன், ஆகவே அதையும் எழுதுகிறேன்.

இனி வண்டி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் படிக்க வந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது பேச்சோடு பேச்சாக, திருடுபோய்க் கிடைத்த வண்டிகளைத் தாங்கள் ஏலத்தில் விற்பதாகச் சொன்னாள். உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்த பிறகு வண்டி கிடைக்குமாம். அவருக்கு இனி அது வேண்டாம், கம்பெனிக்கும் வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்திருப்பார்கள், போய்ப் பாருங்கள் மாஸ்டர் என்றாள்.

போனேன். கம்பிவேலிக்குள் நூற்றுக்கணக்கான வண்டிகள். முன்கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் எண் எழுதியிருந்தது. பல வண்டிகளில் டயர் இறங்கி, அடியில் புல் முளைத்துக்கிடந்தது. அதற்கு நடுவில் இந்த மஞ்சள் வண்டி. தாழ்வான, அகலமான, இரண்டே சீட் கொண்ட வண்டி. ஓட்டுநர் பக்கத்துச் சாவித் துவாரத்தைப் பெயர்த்திருந்தார்கள். சீட்டில் சிகரெட் சுட்ட கருவட்டம் ஒன்று. சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், ஆகவே திருடியவன் நெட்டையன் என்று தெரிந்தது. காவலாளி எதையும் மறைக்கவில்லை. ஒரு கும்பல் இதைத் திருடிக்கொண்டுபோய் நகைக்கடையில் கொள்ளையடித்ததாகவும், துரத்திய போலீஸ்மீது இதே வண்டியிலிருந்து சுட்டதாகவும் சொன்னார். “ராசியில்லாத வண்டின்னு யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க” என்றார்.

உள்ளே உட்கார்ந்து சீட்டை என் அளவுக்கு முன்னால் இழுத்தேன். கைக்கு ஸ்டியரிங் எட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்காகவும் நான் நிறுத்த வேண்டியதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஏலத்தில் எனக்கு எதிராக யாருமே கை தூக்கவில்லை.

அதைச் சரிசெய்ய நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். பூட்டை மாற்றினேன். சீட்டுக்குப் புதுத் தோல் போட்டேன். ஏசியின் ஓட்டைகளைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். புகை நாற்றம் போகும்வரை கதவுகளைத் திறந்துபோட்டு வெயிலில் நிறுத்தினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். என் மனைவி பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்து கேட்டருகில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏறு, ஒரு சுற்று போய்வரலாம் என்றேன்.

“திருடன் உக்காந்த சீட்டுல நான் உக்கார மாட்டேங்க. எனக்கு உடம்பே கூசுது.”

சீட்டு புதிது, தோல் புதிது, பூட்டு புதிது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். தோலை மாற்றினால் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த வண்டியில் அவள் ஏறவில்லை. இரண்டு சீட் வண்டி. ஒன்றில் நான் இருந்தேன். மற்றது வெறுமனே வந்தது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் அந்தக் காலிச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடுத்தது உங்கள் துறையின் பங்கு. வண்டி கிடைத்துவிட்டது, ஏலம் போய்விட்டது, என் பெயருக்கு மாறியும்விட்டது. ஆனால் திருட்டு வண்டிகளின் பட்டியலிலிருந்து அதன் எண்ணை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர்கள் ஆயுதம் வைத்திருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அப்படியே இருந்தது. உங்கள் ரோந்து வண்டிகளில் நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமரா இருக்கிறதல்லவா. ஆற்றுப்பாலத்தில் நிற்கும் ரோந்து வண்டி என்னைப் படித்தது.

முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. என்னவோ ஏதோ என்று நான் மரியாதையாகக் கதவைத் திறந்து இறங்கினேன். அது தவறு என்று எனக்குத் தெரியாது. அடுத்த நொடி என் கன்னம் தார்ச்சாலையில் இருந்தது, பிடரியில் ஒரு முழங்கால் இருந்தது. பாலம் முழுக்க வண்டிகள் நின்றுவிட்டன. என் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்றும் அந்த வரிசையில் நின்றது. என்னிடம் பாடம் கேட்டவர்கள் ஜன்னலை இறக்கிக் குப்புறக் கிடக்கும் மாஸ்டரைப் பார்த்தார்கள். போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். என் மானம் கப்பலேறியது. அப்போதும் நான் சத்தம் போடவில்லை.

பிறகு நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் வந்து விவரம் கேட்டு என்னை எழுப்பிவிட்டார். நல்ல மனிதர். வண்டி என்னுடையதுதான் என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பட்டியலிலிருந்து நீக்கத் தலைமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கச் சொன்னார். கடைசியாக அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “அதுவரைக்கும் நிறுத்தினா ரெண்டு கையையும் ஸ்டியரிங்மேலயே வைங்க. கடிதம் எங்க இருக்குன்னு வாயால சொல்லுங்க, நாங்க எடுத்துக்கிறோம். டேஷ்போர்டுப் பக்கம் கை போச்சுன்னா பசங்க சுட்டுருவாங்க.”

கடிதத்தைப் பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே செய்தேன். அதே பாலத்தில் மறுபடியும் நிறுத்தினார்கள், அதன் பிறகும் நிறுத்தினார்கள். கை ஸ்டியரிங்கில் இருந்தது, வாய் பேசியது, ஒன்றும் ஆகவில்லை. சொன்னதைச் செய்தால் வேலை சுலபமாக முடிகிறது என்பதற்கு நானே அத்தாட்சி. விண்ணப்பத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. எழுதி வைத்திருந்தேன், கொடுக்கப் போகவில்லை. நீங்கள் செய்த பிழைக்கு வரிசையில் நான் போய் நிற்பதா என்று எனக்கு எரிச்சல். ஆரம்பத்தில் காரணம் அது ஒன்றுதான்.

பாலத்தில் எடுத்த படம் சகலையின் போனுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும். மாமனார் உடம்பு தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதற்காக எல்லோரும் அவர்கள் வீட்டில் கூடினோம். சாப்பிட்டு முடித்ததும் சகலை எழுந்தான். சோபாவின் மெத்தை ஒன்றை எடுத்துத் தரையில் போட்டான். மாஸ்டர் எப்படிப் பார்க்கிங் போட்டார் தெரியுமா என்று கேட்டுவிட்டு, குப்புற விழுந்து, கன்னத்தைத் தரையில் தேய்த்து, “சார், நான் இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் சார் படுத்தேன்” என்றான். வீடு இடிந்துவிழும்போலச் சிரித்தார்கள். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அது அடங்குகிற நேரத்தில் அவள் அவனிடம் சொன்னாள்.

“இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க.”

அவன் செய்து காட்டினான்.

அன்று திரும்பும்போது அவள் பஸ்ஸில் வந்தாள். நான் இரண்டு சீட் வண்டியில் தனியாக வந்தேன். கொஞ்ச தூரம் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். கடைசி ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னமும் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த சொல் இது ஒன்றுதான், இதைவிடப் பெரிய சொல் இருந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு, வழக்கம்போல அவள் ஊற்றிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

சில வாரம் கழித்து சகலை வண்டியை இரவல் கேட்டான். வெளியூரிலிருந்து அவனுக்குச் சரக்கு அனுப்பும் முதலாளி ஒருவர் வருகிறாராம், அவருக்குப் பந்தயக் கார் என்றால் பைத்தியமாம். ஒருநாள் கொடுத்தால் போதும் என்று கெஞ்சலும் கிண்டலுமாகக் கேட்டான். நான் உடனே சரி என்றேன். அவனே திகைத்துப்போனான். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அவளுக்குச் சந்தோஷம். வண்டியின் போக்கு வேறு, முதல்நாள் வந்து என்னிடம் கொஞ்சம் பழகிக்கொள் என்று மட்டும் நிபந்தனை போட்டேன்.

வந்தான். வாசலில் வண்டியை நிறுத்தி அவனை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்து, நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்ச் இறுக்கம், பிரேக் கூர்மை, எல்லாம் சொன்னேன். பிறகு சொன்னேன், இந்த வண்டியைப் போலீஸ் நிறுத்தும், பயப்படாதே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் சந்தேகம் வரும். வண்டி நின்றதும் டேஷ்போர்டைத் திற, கடிதத்தை எடு, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டு. எவ்வளவு வேகமாகக் காட்டுகிறாயோ அவ்வளவு மரியாதை.

செய்து பார்க்கச் சொன்னேன். போலீஸ் என்று நான் சொன்னதும் அவன் சாய்ந்து கையை நீட்டி டேஷ்போர்டைத் தொட வேண்டும். முதலில் தடுமாறினான். யோசிக்கிறாய், யோசிக்காதே என்றேன். திரும்பச் செய்யவைத்தேன். கை தானாகப் போகிறவரை செய்யவைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே செய்தான். என் மனைவி மாடிப்படிக் கம்பியில் துணி உலர்த்திக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். அவளும் சிரித்தாள்.

அவன் போன பிறகு நான் டேஷ்போர்டை ஒழுங்கு செய்தேன். கடிதத்தை அடியில் வைத்தேன். அதன் மேல் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் கருவியை வைத்தேன். பிடியும் விசையும் வைத்த கறுப்பு இரும்புச் சாமான், உங்கள் மேசையில் இப்போது பிளாஸ்டிக் பையில் கிடக்கிறதே, அதுதான். அதை வெளியே எடுக்காமல் கடிதத்தை எடுக்க முடியாது. தூரமாகப் போகிறவனுக்குக் காற்றுப் பார்க்கத் தேவைப்படும் என்று உங்கள் முதல் அதிகாரியிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அவனும் ஒருதடவை ரோட்டில் குப்புறப் படுக்கட்டும், அதற்காகத்தான் செய்தேன் என்று இரண்டாவது அதிகாரியிடம் சொன்னேன். அவர் பாதி நம்பினார். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். குப்புறப் படுக்கவைக்க வேண்டுமென்றால், நிறுத்தியதும் கதவைத் திறந்து இறங்கு என்று சொல்லிக்கொடுத்தாலே போதும். எனக்கு நடந்தது அதுதானே. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தேன். பாலத்து வழியாகப் போ, அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது என்றும் சொன்னேன். ஆம், சகலை சாக வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

மறுநாள் காலையில் அவன் வந்தான். சாவியைக் கொடுத்தேன். என் மனைவி உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், இவரோடு போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள். சகலை, “வாங்க அண்ணி, பிரேக் இல்லாம ஒரு ரவுண்டு போலாம்” என்றான். மாதக்கணக்கில் உடம்பு கூசிக்கொண்டிருந்தவள் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் நான் கொல்லைப்புறத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன், அவள் ஏறியது எனக்குத் தெரியாது என்று முந்தைய இரண்டு வாக்குமூலத்திலும் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாலத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள் சொன்னதும் சகலை சொன்னதும்தான் எனக்குத் தெரியும். ரோந்து வண்டி எண்ணைப் படித்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அசையாதே என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சகலை உறைந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அத்தனை தடவை செய்யவைத்தும் சமயத்தில் அவனுக்குக் கை வரவில்லை. சொன்னேனே, எப்போதுமே மோசமான மாணவன். என் மனைவிக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இல்லை. துணி உலர்த்திக்கொண்டே கேட்டதுதான் அவளுக்குப் பாடம். டேஷ்போர்டும் அவள் முழங்காலுக்கு நேராகத்தான் இருந்தது. அவள் அதைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்து, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தினாள்.

சுட்ட காவலர் சின்ன வயதுக்காரர் என்றும், அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்லிவிடுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் யோசிக்காமல் செய்தார். அவருக்குப் பாடம் எடுத்தவர் நல்ல ஆசிரியர்.

நேற்று நீங்கள் சகலையின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். வண்டியில் போகும்போது அவள் அவனிடம் பேசினாளாம். பாவம், மனுஷன் ஆசையா வாங்கின வண்டி, நான் ஏற மாட்டேன்னு சொல்லி அவரைத் தவிக்கவிட்டுட்டேன், இன்னைக்கு உங்ககூட ஒருதடவ உக்காந்து பயம் தெளிஞ்சிடுச்சுன்னா ஞாயித்துக்கிழமையிலிருந்து அவர்கூடப் போவேன் என்றாளாம். அன்று வீட்டில் சிரித்ததற்குப் பஸ்ஸில் வரும்போது அழுதாளாம், அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றாளாம். படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

அது சகலையின் சொல். ஒரு டைல்ஸ் வாங்க வந்தவனிடம் ஒரு வீட்டுக்கு வேண்டியதையே விற்றுவிடுகிறவனின் சொல். குலுங்கிய தோளை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அழுகைக்குக் குலுங்குகிறதா, சிரிப்புக்குக் குலுங்குகிறதா என்று கட்டிய புருஷனுக்குத் தெரியாதா. அவள் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள்.

இப்போது வாளிக்கு வருகிறேன். எதிர்வீட்டு மாடியில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்மா என்னைக் காரின் ஜன்னலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்கள். அவர்கள் சொன்னது உண்மை. நான் கொல்லைப்புறத்தில் இல்லை. கேட்டருகில் நின்றேன். அவள் ஏறுவதைப் பார்த்தேன். சாவியைத் திரும்ப வாங்கியிருக்கலாம். பாலத்து வழி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். டேஷ்போர்டில் ஒரு சாமான் தேவைப்படுகிறது என்று சொல்லி அந்தக் கருவியையாவது எடுத்திருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்னதை அந்த வண்டியில் இருந்த இரண்டு பேருமே தட்டியிருக்க மாட்டார்கள். எனக்கு நேரம் இருந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலைமுடியைச் சரிசெய்தாள். என்னோடு ஏறாத வண்டி அது.

நான் போய் அவள் பக்கத்து ஜன்னலில் குனிந்தேன். “நிறுத்தினாங்கன்னா அவனுக்குக் கை எட்டாது. நீயே எடுத்துக் காட்டிடு” என்றேன். டேஷ்போர்டின் மூடி கொஞ்சம் இறுக்கம், இழுத்தால் வராது, அழுத்தினால்தான் திறக்கும். அவள் விரலைப் பிடித்து எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினேன். ஒருதடவை திறந்து மூடச் சொன்னேன். சரியாகச் செய்தாள். “சரிங்க” என்று தலையை ஆட்டினாள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் வஞ்சம் வைத்து என் மனைவியைக் கொன்றதாக நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அன்று காலையில் அவளுடைய சீட் பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மாட்டத் தெரியவில்லை. நான்தான் உள்ளே கையை விட்டு, முறுக்கை எடுத்து, தோளில் அழுத்தாதபடி சரிசெய்து மாட்டிவிட்டேன். மனைவிமேல் கோபம் இருக்கிறவன் அதையெல்லாம் செய்வானா.